வாய் மூடாத பொம்மை: ஸ்பாஞ்ச் கைப்பாவையின் கோளாறுகளைக் கண்டறிந்து சரிசெய்வது

பழுதுபார்க்க என்னிடம் வரும் கைப்பாவைகளில் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுடையவை. ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு வரத்து இருக்கும். குழந்தைகள் தினத்துக்கு முந்தைய வாரம் இன்னொரு வரத்து. பையைத் திறந்து பொம்மையை எடுக்கும்போதே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, பசை விட்டுவிட்டது." பிரித்துப் பார்த்தால் பசை உண்மையிலேயே விட்டிருப்பது சிலவற்றில்தான். மற்றவற்றில் கீல் தவறாக இருக்கும், அல்லது கை உள்ளே சரியாக உட்காராமல் இருக்கும். ஆனால் கொண்டுவருவதற்குள் வீட்டிலேயே இன்னும் கொஞ்சம் பசையைப் பிழிந்திருப்பார்கள். அந்தப் பசைக் கட்டி இரண்டாவது கோளாறாக மாறியிருக்கும்.

ஆகவே பசை டப்பாவைத் தூர வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே வகைப் பொம்மைக்கு: அரை இன்ச் ஸ்பாஞ்ச் ஷீட்டில் வெட்டி ஒட்டிய தலை, மேலே ஃபிளீஸ் அல்லது வெல்வெட் துணி, உள்ளே கீல் வைத்த இரண்டு துண்டு வாய்த்தட்டு. நான்கு விரல்கள் மேல்தட்டில், கட்டைவிரல் கீழ்த்தட்டில்.

## பிரிப்பதற்கு முன் மூன்று சோதனைகள்

பிளேடைக் கையில் எடுக்கும் முன் இந்த மூன்றையும் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதலாவது, பொம்மையை வெறுமனே மேசையில் படுக்க வையுங்கள். வாய் மூடியிருக்கிறதா, பாதி திறந்திருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். கை இல்லாதபோது தெரியும் குறை பொம்மையின் குறை.

இரண்டாவது, வெளியிலிருந்து மேலுதட்டையும் கீழுதட்டையும் இரு விரல்களால் சேர்த்து அழுத்துங்கள். இலேசாக அழுத்தியதும் மூடினால் கீல் நன்றாக இருக்கிறது, கை பிடிக்கும் இடத்தில்தான் பிரச்சினை. அழுத்தியும் மூடவில்லை என்றால் கீலிலோ ஸ்பாஞ்சிலோ தடை இருக்கிறது.

மூன்றாவது, இன்னொருவர் கையில் பொம்மையை மாட்டிப் பேசச் சொல்லி, ஆறடி தள்ளி நின்று மொபைலில் படம் எடுங்கள். அவர் கையில் கோளாறு மறைந்துவிட்டால் பொம்மையைத் தொட வேண்டியதில்லை. அளவு உங்கள் கைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

## வாய் முழுதாக மூடவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். மேலே சொன்ன இரண்டாவது சோதனையின் முடிவைப் பொறுத்து வழி பிரிகிறது.

### வெளியே அழுத்தினால் மூடுகிறது, கை வைத்தால் மூடவில்லை

கையுறைத் துணி மணிக்கட்டில் சுருண்டு அடைத்திருக்கலாம். கையை வெளியே எடுத்து, துணியை முழுதாக மேலே சுருட்டி, விரல்களைத் தட்டு நுனி வரை கொண்டுபோன பிறகு துணியை முழங்கை வரை இறக்குங்கள். சேலை கட்டுபவர்கள் வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். வளையல் உள்துணியில் மாட்டிக்கொண்டு கையை அரை இன்ச் பின்னால் நிறுத்திய பொம்மை ஒன்றை நான் முக்கால் மணி நேரம் ஆராய்ந்திருக்கிறேன்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் தட்டின் நீளத்தை அளந்து பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அதை மேல்தட்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தட்டு அரை இன்ச்சுக்கு மேல் நீண்டிருந்தால் விரல்களின் வலு உதட்டு நுனி வரை போய்ச் சேராது. அப்போது உதட்டோரத்தில் தட்டை வெட்டிச் சிறிதாக்க வேண்டாம், முகமே மாறிவிடும். விரல்களுக்கு மேலே, தலையின் உட்புறம் ஓர் இன்ச் தடிமனில் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். விரலின் மேல்பக்கம் அந்தத் துண்டில் அழுந்தி உட்கார்ந்தால், கை அசையும்போது அந்த அசைவு வீணாகாமல் தலையும் அசையும். முதலில் ஒட்டாமல் வெறுமனே செருகிச் சோதியுங்கள். சரியாக இருந்தால் மட்டும் ஒட்டுங்கள்.

கட்டைவிரல் வழுக்கினால் கீழ்த்தட்டில் முக்கால் இன்ச் எலாஸ்டிக்கில் ஒரு வளையம் தைத்துவிடுங்கள். வளையம் விரலின் முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவே வர வேண்டும். நுனியில் வைக்க வேண்டாம்.

### அழுத்தினாலும் மூடவில்லை

டார்ச்சை உள்ளே அடித்துக் கீலைப் பாருங்கள். அங்கே பசைக் கட்டி தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஹாட் குளூ கட்டியாக இருந்தால், அதன் ஓரத்தில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சில சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து இடுக்கியால் இழுங்கள். ரெக்சின், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பிலிருந்து முழுசாகக் கழன்று வரும். ஸ்பாஞ்சுக்குள் ஊறியிருந்தால் வராது, அந்த இடத்து ஸ்பாஞ்சோடு சேர்த்துச் செதுக்கி எடுக்க வேண்டியதுதான்.

கட்டி எதுவும் இல்லையென்றால் வாயின் இரு ஓரங்களையும் பாருங்கள். தாடை மடியும் இடத்தில் ஸ்பாஞ்ச் இரண்டு மடங்காகச் சேர்ந்து தலையணைபோல உப்பிக்கொள்ளும். உட்புறத்திலிருந்து ஆங்கில வி வடிவத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுங்கள். ஸ்பாஞ்சின் பாதி தடிமன் வரை வெட்டினால் போதும். மூடிப் பார்த்து, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக ஆழமாக வெட்டினால் வெளியே கன்னத்தில் குழி விழும்.

அடுத்தது கீலின் இடைவெளி. பொம்மை செய்யும்போதே நடக்கும் தவறு இது, நானும் முதல் பத்துப் பொம்மைகளில் செய்தது. இரண்டு தட்டுகளையும் விளிம்போடு விளிம்பு நெருக்கி வைத்து, கைப்பக்கத்திலும் வாய்ப்பக்கத்திலும் டேப் ஒட்டிவிடுவோம். விரித்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும். மடித்தால் விளிம்பும் விளிம்பும் மோதிக்கொண்டு நிற்கும். இருபக்கமும் டேப் அல்லது துணி ஒட்டுவதானால் தட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். 3 மி.மீ. தட்டு என்றால் 6 மி.மீ. வாய்ப்பக்கம் மட்டும் துணிக் கீல் வைத்தால் இடைவெளியே தேவையில்லை. விளிம்புகள் சேர்ந்திருந்தாலும் தடையின்றி மடியும். கைப்பக்கம் மட்டும் ஒட்டுவது எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு.

ஏற்கெனவே செய்து முடித்த பொம்மையில் இந்தத் தவறு இருந்தால் முழுதாகப் பிரிக்க வேண்டாம். கைப்பக்க டேப்பை மட்டும் கீலின் நீளத்துக்குக் கீறிவிடுங்கள். பல நேரம் அதிலேயே மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால் கீழ்த்தட்டின் பின்விளிம்பைக் கட்டரால் ஒரு மி.மீ. சீவி, மூடிப் பார்த்து, மறுபடி ஒரு மி.மீ. சீவுங்கள். அதிகம் சீவினால் கீழ்த்தாடை முன்னும் பின்னுமாக நழுவும், பொம்மை வெற்றிலை மெல்வதுபோல இருக்கும்.

கீலும் சரி, ஓரமும் சரி, ஆனாலும் மூடவில்லை என்றால் தலையின் சுற்றளவு தட்டுக்குப் போதவில்லை. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சிறிய தட்டு செய்து மாற்ற வேண்டும், இல்லையேல் தலையைப் புதிதாக வெட்ட வேண்டும்.

### மூடுகிறது, விட்டதும் திறந்துகொள்கிறது

வாயை அகலத் திறந்து வைத்துத் தட்டை ஒட்டியிருப்பார்கள். ஸ்பாஞ்ச் அந்த நிலையையே தன் இயல்பாக எடுத்துக்கொள்ளும். பாதி திறந்த நிலையில் ஒட்டியிருந்தால் இந்தத் தொல்லை வராது. இப்போது செய்யக்கூடியது: தாடையின் பின்பக்கம், உட்புறமாக, கீலுக்கு இணையாக மூன்று நான்கு கீறல்கள் போடுங்கள். பாதி ஆழத்துக்கு மேல் வேண்டாம். இன்னும் துள்ளினால் உட்புறம் இரு ஓரங்களிலும் மேல்தாடையிலிருந்து கீழ்த்தாடைக்கு மெல்லிய எலாஸ்டிக் நாடா கொடுத்துத் தையுங்கள். இறுக்கமாக வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உங்கள் கட்டைவிரல்தான் அதை இழுக்க வேண்டும்.

## வாயைத் திறக்கவே கனமாக இருக்கிறது

துணியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வாயைத் திறந்து வைத்து, ஓரத்துக் கன்னத்துணியைக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் துணி வரவே இல்லை என்றால் அது முரசுத் தோல்போல இழுபட்டு நிற்கிறது. ஃபிளீஸ் ஒரு திசையில் நன்றாக இழுபடும், மற்றத் திசையில் அவ்வளவாக இழுபடாது. வாயோரத்தில் அந்த இழுவை மேலிருந்து கீழாக வர வேண்டும். திசை மாறி வெட்டியிருந்தால் ஓரத்துத் தையலை இரண்டு இன்ச் பிரித்து, அதே துணியில் வாழையிலை நுனிபோன்ற ஒரு சிறு துண்டைச் சேர்த்துத் தைக்கலாம். கையால் தைக்கும்போது துணியின் ரோமத்துக்குள் நூலை மறைத்து, இரு பக்கத்து விளிம்பையும் ஏணிப்படிபோல மாறி மாறிக் குத்தி இழுத்தால் தையல் வெளியே தெரியாது. வெல்வெட்டில் இது முடியாது, பட்டை தெரிந்தே தீரும். வெல்வெட் பொம்மைக்குத் தையல் பழகியவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

துணி தளர்வாகவே இருந்தால் ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள். அப்பளம்போல நொறுங்கும் சத்தமோ கடினமான திட்டோ தட்டுப்பட்டால் அங்கே ஃபெவிக்விக் வகைப் பசையோ மர வேலைக்கான வெள்ளைப் பசையோ ஊறிக் காய்ந்திருக்கிறது. அந்தத் திட்டை வெட்டி எடுத்துவிட்டு அதே அளவில் புதிய ஸ்பாஞ்சை வைக்க வேண்டும். ஃபெவிக்விக் வகையை நான் பொம்மைக்குள் அனுமதிப்பதே இல்லை. காய்ந்தபின் கூராகக் குத்தும். பருத்தித் துணியில் அதிகமாக ஊறினால் சட்டென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

## தலைதான் ஆடுகிறது, தாடை அசையவில்லை

மொபைலில் எடுத்த படத்தைப் பாருங்கள். பேசும்போது பொம்மை வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கொட்டாவி விடுவதுபோல இருக்கிறதா? மேல்தட்டிலுள்ள நான்கு விரல்கள் மேலே போகின்றன, கட்டைவிரல் சும்மா இருக்கிறது. பொம்மையில் கோளாறு இல்லை. காசு செலவில்லாமல் சரியாகும், ஆனால் நாள் பிடிக்கும்.

மேசையின் அடிப்பக்கத்தில் பொம்மையின் தலை முட்டும்படி கையை வைத்துக்கொள்ளுங்கள். தலை மேலே போக வழியில்லாததால் கட்டைவிரல் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நிலையில் தினமும் ஐந்து நிமிடம் பேசிப் பழகுங்கள்.

எதைப் பேசிப் பழகுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எழுத்துக்கு ஓர் அசைவு என்று கணக்கு வைத்தால் வாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். உயிரொலி நீளும் இடத்தில் திறக்க வேண்டும், ப, ம வரும் இடத்தில் உதடு சேர வேண்டும். "மாமா பாப்பாவைப் பார்த்தார்" என்று சொல்லிப் பாருங்கள். உதடு பலமுறை சேர்ந்து பிரிவதால் பொம்மைக்கும் எளிது, பார்ப்பவர்க்கும் நம்பிக்கை வரும். பிறகு "காக்கா கத்துகிறது" என்று சொல்லுங்கள். நம் உதடு ஒருமுறைகூடச் சேர்வதில்லை. ஆனால் பொம்மை வாயைப் பிளந்தபடியே நின்றால் செத்த பொம்மைதான். ஆகவே கா, கா, கத் என்று மூன்று இடத்தில் திறந்து, நடுவில் பாதி மூடுங்கள். "வணக்கம்" என்பதில் முடிவு முக்கியம். கடைசி "ம்" வரும்போது வாய் மூடியிருக்க வேண்டும். வணக்கம் சொல்லிவிட்டு வாயைத் திறந்து வைத்திருக்கும் பொம்மைதான் பள்ளி விழாக்களில் அதிகம்.

இரண்டு வாரம் பழகியும் தாடை இறங்கவில்லை என்றால் கட்டைவிரல் வளையம் தளர்ந்திருக்கலாம். மேலே சொன்னபடி இறுக்கிப் பாருங்கள்.

## வாய்த்தட்டு ஸ்பாஞ்சிலிருந்து கழன்று வருகிறது

இங்கே பசைதான் விட்டிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் விட்டது என்று பார்க்காமல் மறுபடி ஒட்டினால் ஒரு மாதத்தில் மறுபடி வரும். கழன்ற இரண்டு பரப்புகளையும் வெளிச்சத்தில் பாருங்கள், அவையே காரணத்தைச் சொல்லிவிடும்.

### இரு பக்கமும் பசை படலமாக, பளபளப்பாக இருக்கிறது

பசையும் பசையும் ஒன்றோடொன்று பிடிக்கவே இல்லை. செருப்புப் பொருள்கள், ரெக்சின் விற்கும் கடைகளில் "சொல்யூஷன்" என்று கேட்டால் தரும் மஞ்சள் ரப்பர் பசைதான் இந்த வேலைக்கு ஏற்றது (சைக்கிள் பஞ்சருக்கான சின்ன டியூப் அல்ல). இதை இரு பரப்பிலும் பூச வேண்டும், காய விட வேண்டும், பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரமாகச் சேர்த்தால் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் வாரக்கணக்கில் கொழகொழவென்று இருக்கும். அதிகம் காய்ந்துவிட்டாலும் பிடிக்காது.

பொதுவாக 10 முதல் 15 நிமிடம். கடிகாரத்தைவிட விரல் கணு நம்பகமானது. கணுவால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், எடுத்தால் நூல் இழுக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் முதல் பூச்சைக் குடித்துவிடும், அதனால் அதற்கு இரண்டு பூச்சு தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பசையின் மேல் மெல்லிய பனிபோலப் படியும். கண்ணுக்குத் தெரியாது, ஒட்டாது. அவசரம் என்றால் மின்விசிறியைத் தூரத்தில் வைத்து, நேரம் கூட்டிக் காய வைத்து, மேலே இன்னொரு மெல்லிய பூச்சுக் கொடுத்து ஒட்டுங்கள்.

சேர்த்தபின் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே முக்கியம். ஓரம் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த வாடை தலைவலி தருவது மட்டுமல்ல, தீப்பிடிக்கவும் செய்யும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

### ஒரு பக்கம் மட்டும் பசை, மறுபக்கம் சுத்தமாக இருக்கிறது

சுத்தமாக இருக்கும் பரப்பு பசையை ஏற்கவில்லை. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையாக இருக்கும். அந்த வழுக்கும் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிலைப்பதில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம், கொஞ்சம் உதவும். அதைவிடத் தட்டு முழுவதும் கோணியூசியால் துளைகள் போட்டு, பருத்தித் துணியை இருபக்கமும் வைத்து நூலால் தைத்துவிட்டு, அந்தத் துணியின் மேல் பசை பூசுங்கள். பசைக்குப் பிடிக்க ஏதோ ஒன்று கிடைத்துவிடும்.

பசை படாத பக்கம் ஸ்பாஞ்ச் என்றால், அதன் மேல் பவுடரோ எண்ணெய்ப்பசையோ இருந்திருக்கிறது. மேல்பரப்பை மெல்லியதாகச் சீவிவிட்டு ஒட்டுங்கள்.

### தட்டோடு ஸ்பாஞ்ச் பிய்ந்து வந்திருக்கிறது

பசை தன் வேலையைச் செய்துவிட்டது. ஸ்பாஞ்ச்தான் போய்விட்டது. கீழே ஸ்பாஞ்ச் பகுதிக்குப் போங்கள்.

### ஒட்டியது ஹாட் குளூவில்

வெயிலில் நிறுத்திய காருக்குள் அல்லது ஸ்கூட்டர் டிக்கியில் பொம்மை எவ்வளவு நேரம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சூட்டில் உருகி ஒட்டுவது சூட்டிலேயே இளகும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சொல்யூஷனுக்கு மாறுங்கள். கைக்கு அடியில் கீல் முழுதும் பிய்ந்திருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோங்கள். ரெக்சின் பட்டை வைத்துக் குத்தூசியால் அவர் தைத்துக் கொடுக்கும் கீலுக்கு என் எந்தப் பசையும் ஈடில்லை. பொம்மையைப் பார்த்து அவர் சிரிப்பார். பரவாயில்லை.

## தட்டு தொளதொளத்துவிட்டது

அட்டைப்பெட்டி அட்டை, கை வியர்வையில் சில மாதங்களில் ஊறி மடங்கிவிடும். வகுப்பில் தினமும் பயன்படுத்தும் பொம்மைக்கு அட்டை சரிப்படாது. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அதுவே போதும். மாற்றுவதற்கு ஏற்ற பொருள், மலிவிலிருந்து மேலே போனால்: பழைய ஹவாய் செருப்பின் அடி, பரீட்சை எழுதும் அட்டை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. ரப்பர் ஷீட், மெல்லிய பிளைவுட். நான் ரப்பர் ஷீட்டைத்தான் வைக்கிறேன். சிறிது வளையும், அதனால் பொம்மைக்கு உதட்டைச் சுழிக்கத் தெரியும். பிளைவுட் தட்டு உறுதியாக இருக்கும், ஆனால் "டக் டக்" என்ற சத்தம் மைக்கில் விழும்.

தட்டை மாற்றும்போது பழைய தட்டை அச்சாக வைத்து வெட்டுங்கள். நினைவில் வைத்து வரைந்தால் முகம் வேறு ஆளாகிவிடும்.

## வாய் ஒரு பக்கம் கோணுகிறது

கையை எடுத்தபின்னும் கோணல் இருந்தால் கீல் சாய்வாக இருக்கிறது. மூக்கின் நடுவிலிருந்து கீலின் இரு முனைகளுக்கும் ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு, மூன்று மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், அது பொம்மைக்கு ஒரு குணம். அதற்கு மேல் என்றால் ஒரு பக்கம் மட்டும் தட்டைக் கழற்றி நகர்த்தி ஒட்ட வேண்டும்.

கை வைத்தால் மட்டும் கோணினால் சுண்டுவிரல் பக்கம் வலு போவதில்லை. அந்தப் பக்கம் ஒரு சிறு ஸ்பாஞ்ச் ஆப்பு வையுங்கள், முடிந்துவிடும்.

## ஸ்பாஞ்சில் குழி, மஞ்சள், பொடி

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

குழி என்பது புத்தகங்களுக்கு அடியில் வைத்ததால் வருவது. கொதிக்கும் தண்ணீரின் ஆவியில், முக்கால் அடி தூரத்தில் காட்டி, விரலால் இழுத்துவிட்டு இரவு முழுவதும் காற்றில் வையுங்கள். பெரும்பாலும் எழுந்துகொள்ளும். எழவில்லை என்றால் உட்புறமாக ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து நிரப்பலாம்.

மஞ்சள் நிறம் பழுதல்ல. வெளிச்சமும் காற்றும் பட்டால் ஸ்பாஞ்ச் மஞ்சளாகும். துணிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

பொடி வேறு. கையை வெளியே எடுக்கும்போது விரலில் மாவுபோல ஒட்டுகிறதா? அழுத்திய இடம் திரும்ப எழாமல் உதிர்கிறதா? அப்படியானால் அந்த ஸ்பாஞ்சின் ஆயுள் முடிந்தது. பசையோ ஆவியோ உதவாது. முகத்துணியைக் கிழியாமல் உரித்து எடுத்து, பழைய தலையின் துண்டுகளை அச்சாக வைத்து மெத்தைக் கடையில் புதிய அரை இன்ச் ஷீட் வாங்கி வெட்டுங்கள். கடைக்காரரிடம் மிக மென்மையானதைக் கேட்காதீர்கள். கையில் கசக்கிவிட்டால் சட்டென்று எழுந்து நிற்பதுதான் தலைக்கு ஆகும். கத்தரிக்கோலைவிடப் புதிய பிளேடு போட்ட கட்டர் நல்லது, ஸ்பாஞ்சை அழுத்தாமல் இழுத்து வெட்டுங்கள்.

## கண் எங்கோ பார்க்கிறது

வாய் சரியாக இருந்தும் பொம்மை உயிரற்றுத் தெரிந்தால் கண்மணியைப் பாருங்கள். இரண்டும் நேராக முன்னால் பார்த்தால் பொம்மை சுவரைப் பார்ப்பதுபோல இருக்கும். இரண்டும் மூக்குப் பக்கமாக ஒரு நூல் அளவு நகர்ந்திருக்க வேண்டும். கறுப்புக் காகித வட்டங்களைக் குண்டூசியால் குத்தி, நகர்த்தி, ஆறடி தள்ளி நின்று பார்த்து, பிடித்த இடத்தில் ஒட்டுங்கள்.

விழுந்த கண்ணை ஒட்டும்போது ஓர் எச்சரிக்கை: தெர்மோகோல் உருண்டையில் சொல்யூஷன் பட்டால் அது கரைந்து குழிவிழும். அதற்கு வெள்ளைப் பசைதான். பாதியாக அறுத்த டேபிள் டென்னிஸ் பந்து இன்றும் நல்ல கண். அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் 1955இல் தன் அம்மாவின் பழைய கோட்டை வெட்டிச் செய்த முதல் கெர்மிட் பொம்மைக்கும் அந்தப் பந்தின் பாதிகள்தான் கண். ஆனால் பழைய பந்துகள் செல்லுலாய்டில் செய்தவை. துளை போடச் சூட்டுக்கோல் வைத்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கைத்துளைப்பானால் துளையுங்கள்.

## நாற்றம்

வாஷிங் மெஷினில் போடக் கூடாது. தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது, ஸ்பாஞ்சுக்குள் போன தண்ணீர் வர நாள்கணக்கு ஆகும், அதற்குள் பூஞ்சை வந்துவிடும். உட்புறத்தைத் திருப்ப முடிந்த அளவு திருப்பி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி இலேசாக அடித்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம், நாற்றத்தோடு ஸ்பாஞ்சின் ஆயுளும் போகும். தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பசையைக் கரைத்துவிடும். உள்ளே கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பரவியிருந்தால் காப்பாற்ற முயல வேண்டாம், குழந்தைகள் முகத்தருகே பேசும் பொருள் அது. இனிமேலாவது மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு கையை நுழையுங்கள்.

## கை வலிக்கிறது

பத்து நிமிடத்தில் முன்கை கடுத்தால் வாய் கனமாக இருக்கிறது என்று பொருள், அந்தப் பகுதிக்குத் திரும்புங்கள். வாய் இலேசாக இருந்தும் தோள் வலித்தால், பொம்மையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறீர்கள். திரையை அல்லது மேசையைத் தாழ்த்தி, முழங்கைக்கு ஒரு தாங்கல் கொடுங்கள்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி, அதுவும் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்துச் சுண்டுவிரல் பக்கம் வளைத்தால் சுரீர் என்கிறது என்றால் பொம்மையைக் கீழே வையுங்கள். இரவில் முதல் மூன்று விரல்கள் மரத்துப்போவதும் அதேபோல்தான். இவை எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. என்னிடம் அல்ல. அவர் ஓய்வு சொன்னால் பொம்மையை மறு கைக்கு மாற்றிப் பழகலாம். தட்டு இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் எந்தக் கைக்கும் பொருந்தும், எலாஸ்டிக் வளையத்தை மட்டும் நடுவுக்கு நகர்த்தித் தைத்துக்கொள்ளுங்கள்.